பென்டாஃப்ளூரோபென்சீன்தயால், 5 கிராம் புட்டி: வேலை சுத்தம், வாடைதான் தாங்காது

ஆர்கானிக் டிரான்சிஸ்டர் (கார்பன் சேர்மக் குறைகடத்தியால் ஆனது) செய்து, அதன் தங்க மின்முனைக்கு இந்தத் தயால் பூச்சுக் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் இந்த விமர்சனம். சின்னப் புட்டி, விலை ஜாஸ்தி என்று எங்கள் கைடு முதலில் முகம் சுளித்தார். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகும்: 20 மில்லி எத்தனாலில் 10 மில்லிமோலார் கரைசல் கலக்க 27 மைக்ரோலிட்டர் போதும். ஒரு புட்டியில் நூறு தடவைக்கு மேல் கலக்கலாம்.

காற்றுப்பட்ட தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான ஆற்றல்) 4.7 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்-பென்டசீன் போன்ற ஆர்கானிக் குறைகடத்திக்குள் மின்துளைகள் (நேர்மின் சுமைகள்) ஏற அது பத்தாது. வெளியீட்டு வரைகோடு (மின்னழுத்தத்துக்கு எதிரான மின்னோட்டம்) தொடக்கத்திலேயே எஸ் மாதிரி நெளியும். யூவி-ஓசோனில் (புற ஊதாக் கதிரும் ஓசோனும்) துடைத்த மின்முனையை இந்தக் கரைசலில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, புது எத்தனாலில் அலசி, நைட்ரஜனால் ஊதினால் அந்த நெளிவு போய்விடுகிறது. கந்தக முனை தங்கத்தைக் கவ்விக்கொள்ள, ஃப்ளூரின் பக்கம் மேலே நிற்கிறது. அந்த ஒற்றை மூலக்கூறு அடுக்கின் இருமுனைத் திருப்புத்திறனே வெளியேற்று ஆற்றலை 5.3-க்கு மேல் தூக்கிவிடும். அலசுவதில் மட்டும் சோம்பல் கூடாது. ஒட்டாத மிச்சம் மேலேயே தங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஃப்ளூரின் ஏற்றிய ஆந்த்ராடைத்தயோபீன் என்ற குறைகடத்தியின் கரைசலை இதன் மேல் சுழற்றிப் பூசி, துருவமுனைப்பு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். தங்கத்தின் விளிம்பிலிருந்து படிகங்கள் தட்டுத் தட்டாகப் புறப்பட்டு இரண்டு மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் நீளும். சில மைக்ரான் இடைவெளி என்றால் இரு பக்கமும் வந்து முட்டிக்கொள்ளும். அகலமானால் நடுவில் பொடிப் படிகம்தான். அமெரிக்காவின் நிஸ்ட் (தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வகத்தில் இருந்த டேவிட் குண்ட்லாக் குழு 2008-ல் காட்டியது இதைத்தான்.

சரி, குறைகள். வாடை! ஃப்யூம் ஹூடுக்கு வெளியே மூடியைத் திறந்தால் மாடி முழுக்கத் திட்டு விழும். பைப்பெட் முனை, கையுறை எல்லாவற்றையும் ப்ளீச்சில் போட்டுத்தான் எறிய வேண்டும். எத்தனால் கழிவை மட்டும் அந்த ப்ளீச்சில் ஊற்றிவிடாதீர்கள், குளோரோஃபார்ம் உண்டாகும். காற்றுப்பட்டால் தயால் டைசல்ஃபைடாக மாறும். ஆர்கான் நிரப்பி மூடுங்கள். எங்களுக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பிய புட்டியில் சீல் தளர்ந்தே வந்தது, பார்சலைப் பிரிக்கும் முன்பே நாறியது.

எலக்ட்ரான் கடத்தும் பொருளுக்கு இதை வாங்காதீர்கள், எலக்ட்ரான் உள்ளே ஏறுவதற்கான தடுப்பு இன்னும் உயரும். அங்கே வெளியேற்று ஆற்றலை இறக்கும் பிஈஐஈ பாலிமர்தான் சரி. விலையும் மலிவு, மூக்கும் பிழைக்கும்.