மண் சுவருக்குச் சீமெந்து பூச முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பழைய மண் வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நிலநடுக்கம் வந்தாலும் அசையாத மாதிரிப் பலப்படுத்தித் தாறம்" என்று யாராவது உங்கள் படலைக்கு வந்தால், முற்பணம் கொடுக்க முன் கொஞ்சம் பொறுங்கள். எங்களுக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் போய்விட்டது. காசு போனதைவிட, அத்தனை காலம் நின்ற சுவர் இன்று அடியில் ஊறிப்போய் நிற்பதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வீடு. அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்து, அம்மாவுக்குப் போய், அப்புறம் என் பெயருக்கு எழுதப்பட்டது. வரிச்சுக் கட்டிப் பூசிய மெல்லிய சுவர் இல்லை. களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துப் பிசைந்து, ஒரு படை காய்ந்த பிறகு அடுத்த படை வைத்து எழுப்பியது. ஒன்றரை அடி தடிப்பு, ஒன்பது அடி உயரம். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையை அள்ளிக்கொண்டு போனது, சுவர் நின்றது. அந்த இரவை நடு அறையின் மூலையில் எட்டுப் பேர் ஒண்டிக்கொண்டு கழித்ததாக அம்மா இன்றும் சொல்வார்.

போன வருடம் சித்திரை கழிந்து அந்தக் கொந்தராத்துக்காரர் வந்தார். பக்கத்து வளவில் மதில் கட்டிக்கொண்டிருந்தவர். 2015 நேபாள நிலநடுக்கத்தில் விழுந்த வீடுகளைத் தொலைபேசியில் காட்டினார். "அக்கா, சுனாமியும் நிலநடுக்கத்தாலதானே வந்தது? அடுத்தது இங்கதான்" என்றார். நாவலடியில் சின்னம்மாவின் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு நான் கணக்குப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கவில்லை.

வேலை பதினொரு நாள் நடந்தது. பழைய மண் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலையை இரண்டு அங்குல ஆணியால் வெளிப்பக்கம் மட்டும் அறைந்தார்கள். அதன்மேல் ஒரு அங்குலத்துக்குச் சீமெந்துச் சாந்து. முன்சுவரின் தலையில் இருபத்து நான்கு அடி நீளத்துக்கு ஒரு கொங்கிறீட் வளை (உத்திரம்). மற்ற மூன்று சுவர்களுக்கு அதுவும் இல்லை. சுவரடியைச் சுற்றி வெளியே சீமெந்துக் கட்டு. வெள்ளை பூசி முடித்தபோது வீடு கல்வீடு போலத்தான் இருந்தது. நானும் மகிழ்ந்தேன், அதை மறைக்கவில்லை.

மாரி வந்தது. கார்த்திகை முடியமுன் உள்பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்தது. தை மாதம் தென்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், வெறும் பானையைத் தட்டிய சத்தம். ஒரு வெடிப்பில் விரலை விட்டு இழுத்ததும் கையகலத்துக்குப் பூச்சு கழன்று வந்தது. பின்னால் இருந்த மண் பிட்டுக்குக் குழைத்த மா போல ஈரமாக, விரல் பட்டால் உதிர்ந்தது. வலையைப் பிடித்திருந்த ஆணியை இரண்டு விரலால் உருவி எடுத்தேன், அதற்குள் துரு ஏறியிருந்தது. அவருக்கு அழைத்தால், "மாரிக்கு எல்லா மண் வீடும் இப்படித்தான், மேலால இன்னொரு பூச்சுப் பூசினால் சரி" என்றார். அதற்கும் எண்பதாயிரம் கேட்டார். பிறகு அழைப்பை எடுப்பதில்லை.

குடிசார் பொறியியல் படித்த, தம்பி முறையான ஒருவர் வந்து பார்த்தார். அவர் விளக்கிய பிறகுதான் எங்கே ஏமாந்தோம் என்று புரிந்தது. மண் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ அதற்கு வழி விடும், சீமெந்து அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்றால் மண்ணின் பலம் போய்விடும். அதுவும் முழுப் பாரமும் இறங்கும் சுவரடியில். அதாவது நிலநடுக்கத்துக்கென்று பூசியதே, நிலம் ஆடினால் முதலில் விழும் சுவராக அதை ஆக்கிவிட்டது.

மண் சுவர் நடுக்கத்தில் விழுவது எப்படி என்பதையும் சொன்னார். பாரம் கூட, இழுவையைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. ஆட்டத்தில் முதலில் மூலைகள் பிளக்கும், பிறகு ஒவ்வொரு சுவரும் தனித்தனியாகச் சாயும். 2003 டிசம்பர் 26, ஈரானின் பாம் நகரில் இப்படித்தான் மண் வீடுகள் விழுந்து இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பழைய மண்கோட்டையும் இடிந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே திகதியில்தான் எங்களுக்குக் கடல் வந்தது.

அதனால் பலப்படுத்துவது என்றால் சுவரைக் கடினமாக்குவது இல்லை, வெடித்தாலும் பிரிந்து விழாமல் பிணைத்து வைப்பது. கலிபோர்னியாவின் பழைய மண் கட்டிடங்களுக்காக அங்குள்ள 'கெட்டி' (Getty) என்ற மரபுப் பாதுகாப்பு நிறுவனம் 1990களில் செய்த ஆய்வில், மாதிரி வீடுகளை ஆட்டும் மேடையில் வைத்து இதைத்தான் பார்த்தார்கள். நைலோன் பட்டிகளால் சுற்றிக் கட்டிய சுவர் வெடித்தது, ஆனால் சாயவில்லை. பெருவில் கம்பிவலையும் சீமெந்தும் பாவித்ததும் உண்மை. ஆனால் அங்கே மூலைகளிலும் சுவரின் மேல்விளிம்பிலும் பட்டி பட்டியாக, இரண்டு பக்கமும் வைத்து, சுவரூடாகக் கம்பி போட்டு இணைத்தார்கள். கடும் ஆட்டத்தில் அதுவும் சட்டென முறியும் என்று சோதனையில் கண்ட பிறகு, லீமா கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாஸ்திக் வலைக்கு மாறினார்கள். சுவரைத் துளைத்து இருபக்க வலையையும் கயிற்றால் கட்டி, மேலே மண்ணால் பூசுவார்கள். எங்கள் சுவரில் துளைத்த இடம் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கொங்கிறீட் வளை அறுநூறு கிலோ வரும் என்று தம்பி கணக்குப் போட்டார். அது சுவரோடும் பிணைக்கப்படவில்லை, கூரையோடும் பிணைக்கப்படவில்லை. சும்மா தலையில் ஏற்றி வைத்த பாரம்.

இன்னொன்று. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. 2004 இல் நடுங்கியது சுமாத்திராக் கடல், இங்கே வந்தது அலை. நிலம் ஆடவே ஆடாது என்று சொல்லவில்லை, ஆனால் எங்கள் மண் வீட்டுக்கு வருடா வருடம் வரும் எதிரி மழையும் வெள்ளமும்தான். இந்தியாவில் மண் கட்டிடங்களுக்கென்று 1993 இல் வந்த ஐ.எஸ். 13827 என்ற நியமம், சுவரின் உயரம் தடிப்பின் எட்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. எங்கள் சுவர் ஆறு மடங்குதான். அம்மம்மா காலத்து ஆட்கள் கட்டியது அந்த அளவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைத்தான் நான் காசு கொடுத்துக் கெடுத்தேன்.

யாராவது வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். சுவரின் ஈரம் எந்த வழியால் வெளியே போகும்? உள்பக்க வலையையும் வெளிப்பக்க வலையையும் எது இணைக்கும்? நான்கு சுவரையும் கூரையையும் எதனால் பிணைப்பீர்கள்? பதில் தடுமாறினால் அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது அவர் கொப்பித் தாளில் எழுதித் தந்த ஒரு கணக்கு மட்டும், கையொப்பம் இல்லை. மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், முதல் அழைப்புக்கு அவர் வரவில்லை.

இப்போது வெளிக்கட்டை உடைத்து, தென்பக்கச் சீமெந்தை மூன்று அடி உயரத்துக்கு மெதுவாகக் கழற்றிவிட்டோம். மண் காய்ந்து நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. கொங்கிறீட் வளையை இறக்குவதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குக் காசு சேர்க்கிறோம். சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்த பழைய மேசன்மார் படுவான்கரையிலோ அம்பாறைப் பக்கமோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு முன் பூசி முடிக்க வேண்டும்.