நானோ விஎன்ஏ: ரிக்குக்கு முன் வாங்க வேண்டிய கருவி

மதுரைப் பக்கம் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரிக் வாங்கலாம்?" என்றுதான். ரிக் என்பது அலைபரப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி. லைசென்ஸ் கைக்கு வரும்வரை ரிக் வேண்டாம். காத்திருக்கும் மாதங்களில் ஆன்டெனா கட்டிப் பழகுங்கள். அதற்கு நானோ விஎன்ஏ என்ற கையடக்க அளவைக் கருவியை வாங்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும். ஆன்டெனா எந்த அலைவரிசையில் ஒத்திசைகிறது, எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) எவ்வளவு என்று வளைகோடாகக் காட்டிவிடும்.

2.8 அங்குலத் திரையிலும் 4 அங்குலத் திரையிலும் கிடைக்கிறது. பெரியதையே எடுங்கள். மொட்டைமாடி வெயிலில் சின்னத் திரையின் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாது. பெரியதிலும் உச்சிவெயிலில் சிரமம்தான். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தமாக அளக்கிறார்கள். கருவி வழக்கமாக எடுப்பதோ 101 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 40 மீட்டர் பட்டைக்கான (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோலின், அதாவது இரண்டு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனாவின், பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமலே போகும். முதலில் 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் என்று குறுக்குங்கள். பிறகு ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக மாட்டி கேலிபரேட் செய்து (கருவியின் அளவைச் சரிப்படுத்தி) சேமியுங்கள். வீச்சை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும். திரையோரத்தில் இருக்கும் ஆங்கில 'சி' பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்தானால், பழைய கேலிபரேஷனை வைத்து உத்தேசமாகக் காட்டுகிறது என்று அர்த்தம்.

டைபோலுக்குக் கணக்கு எளிது: 143-ஐ அலைவரிசையான 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 20.1 மீட்டர், ஒரு கைக்குப் பத்து மீட்டர் சொச்சம். மூன்று சென்ட் மனையில் இதை நேராகக் கட்ட இடம் போதாது. நடுவைக் குழாயில் உயர்த்தி, இரண்டு கைகளையும் சரித்து இறக்குங்கள். மின்வாரியக் கம்பி பக்கமே போகக்கூடாது. கைக்கு 10.5 மீட்டரில் தொடங்குங்கள். பள்ளம் 6.8-இல் விழுந்தால், 10.5 × 6.8 ÷ 7.1 = 10.06 மீட்டர். மிச்சத்தை வெட்டாமல் மடித்துக் கட்டி மறுபடி அளங்கள். தரைக்கும் கான்கிரீட் கம்பிக்கும் அருகே பள்ளம் இடம் மாறும் என்பதால், கடைசியாக நிற்கப்போகும் உயரத்திலேயே அளக்க வேண்டும்.

கருவியின் பலவீனம் எஸ்எம்ஏ எனும் சிறிய திருகு சாக்கெட். கனத்த கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) நேரடியாகத் தொங்கவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். நடுவே ஒரு சாண் மெல்லிய கேபிள் போட்டு, அதன் முனையில் கேலிபரேட் செய்யுங்கள். ஆன்டெனாவை மாட்டுமுன் கேபிளின் நடுக்கம்பியையும் உறையையும் ஒரு கணம் தொடவைத்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். ரிக்கின் அலைபரப்பு தவறியும் கருவிக்குள் போகக்கூடாது. முன்பகுதிச் சுற்று அந்த நொடியே போய்விடும்.

கிளப்பில் பொதுவாக வைப்பதானால் மூன்று கேலிபரேஷன் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கருவியோடு கட்டிவையுங்கள். 50 ஓம் லோடு தொலைந்தால் அடுத்தவருக்கு அளவு சரியாக வராது.