பேட்மேன் காமிக்ஸ் முதல்ல எதை எடுக்கறது: இயர் ஒன்னா, டார்க் நைட் ரிட்டர்ன்ஸா, லாங் ஹாலோவீனா?

நோலன் எடுத்த மூணு படமும் பாத்தாச்சு, பேட்டின்சன் நடிச்சதும் பாத்தாச்சு, இப்ப காமிக்ஸ் படிக்கணும்னு ஆசை வந்திருக்கு, எதுல ஆரம்பிக்கறதுன்னு கேக்கறவங்க நிறைய பேரு. எங்க தேடினாலும் பதிலா திரும்பத் திரும்ப மூணு பேர்தான் வந்து நிக்கும். 1986ல வந்த தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ், 1987ல வந்த இயர் ஒன், 1996-97ல வந்த தி லாங் ஹாலோவீன். மூணுமே அருமையான புத்தகம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா எது உசத்திங்கிற கேள்வி வேற, புதுசா வர்ற ஆள் கையில எதை முதல்ல குடுக்கணும்ங்கிற கேள்வி வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு, பெரிய பேர் வாங்கினதைத் தூக்கிக் குடுத்துடறோம், அவங்களும் இருபது பக்கம் புரட்டிட்டு காமிக்ஸ் நமக்கு செட் ஆகாதுப்பான்னு மூடி வெச்சிடறாங்க. ஒரு நல்ல வாசகரை அப்படி இழக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

அப்படி ஆளை விரட்டற புத்தகம் பெரும்பாலும் டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்தான். ஃபிராங்க் மில்லர் எழுதி வரைஞ்சது, பென்சில் படத்துக்கு மை போட்டது கிளவுஸ் ஜான்சன், கலர் லின் வார்லி, மொத்தம் நாலு பாகம். பேட்மேனுக்கு 55 வயசு, வேஷத்தைக் கழட்டி வெச்சு பத்து வருஷம் ஆச்சு, ஊரு மியூட்டன்ட்ஸ்னு ஒரு கும்பல் கையில சிக்கிக் கெடக்கு, மனுஷன் மறுபடியும் கெளம்பறாரு. கதையா கேட்டா யாருக்கும் ஆசை வரும். பக்கத்தைத் திறந்தப்புறம்தான் சிக்கல். மில்லர் ஒரு பக்கத்தைப் பதினாறு கட்டமா பிரிச்சு வெச்சுக்கிட்டு அதுக்குள்ள விளையாடறாரு, அதுல ஏகப்பட்ட கட்டம் டிவி ஸ்கிரீன், நியூஸ் வாசிக்கறவங்க, மனநல டாக்டர், அரசியல்வாதி, தெருவுல போறவன்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருப்பாங்க, இதுல எது கதைக்கு வேணும் எது சும்மா ஊர்ப்பேச்சுன்னு நாமதான் பிரிச்சு எடுக்கணும். பழகின கண்ணுக்கு அது விருந்து. முதல் தடவை காமிக்ஸ் தொடறவங்களுக்கு அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போறதுன்னே புரியாது.

அந்தப் பதினாறு கட்டத்தை வெச்சு மில்லர் என்ன செய்வாருன்னு பாக்கணும்னா அப்பா அம்மா கொலையாகற இடத்தைப் பாருங்க. ராத்திரி புரூஸ் வெய்ன் (பேட்மேனோட நிஜப் பேரு) தூக்கம் வராம டிவி சேனல் மாத்திக்கிட்டிருக்காரு, சின்ன வயசுல அந்த ராத்திரி பாத்த அதே ஸோரோ படம் ஓடுது, அங்கேந்து பேச்சே இல்லாம கட்டம் கட்டமா போகுது. துப்பாக்கி, அப்பா, பையன், துப்பாக்கி பிடிச்ச கை அம்மாவோட முத்துமாலையில மாட்டுது, மாலை அறுந்து முத்து சிதறுது. கண் சிமிட்டற நேரத்துல நடந்து முடிஞ்சதை நாம ஒவ்வொரு கட்டமா நின்னு நின்னு பாக்க வேண்டியிருக்கு. இந்தக் கொலை வர்ற படங்கள்ல எல்லாம் முத்து உருண்டு ஓடுமே, அதுக்கு மூலம் இந்தப் பக்கம்தான். ஆனா இந்த இடத்தோட வலி முழுசா இறங்கணும்னா கட்டத்துக்குக் கட்டம் நிதானமா போகத் தெரிஞ்ச கண்ணு வேணும், அது வர கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொரு காரணமும் இருக்கு, என்னைக் கேட்டா அதுதான் பெருசு. இந்தக் கதை முழுக்க, நமக்கு ஏற்கனவே பழக்கமான ஆளுங்க வயசானப்புறம் என்ன ஆனாங்கங்கிறதுதான். பாதி முகம் சிதைஞ்சு டூ-ஃபேஸ்னு வில்லனா மாறின ஹார்வி டென்ட் முகத்தை சர்ஜரி பண்ணி சரி பண்ணியாச்சு, உள்ள சரியாச்சாங்கிறதுதான் கேள்வி. சூப்பர்மேன், அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரீகன் மாதிரியே இருக்கற ஒரு ஜனாதிபதி சொல்ற வேலையெல்லாம் செய்யற ஆளா நிக்கறாரு. பேட்மேனோட இளைய கூட்டாளியா இருந்து செத்துப்போன ராபினோட உடுப்பு குகைக்குள்ள கண்ணாடிப் பெட்டியில தொங்குது, வில் அம்பு வீரன் கிரீன் ஆரோவா இருந்த ஆலிவர் குயினுக்கு ஒரு கை இல்ல. 1986ல இதை வாங்கின அமெரிக்க வாசகருக்கு இவங்க எல்லாரும் சின்ன வயசுலேந்து தெரிஞ்ச முகம், அதனால ஒவ்வொண்ணும் நெஞ்சுல குத்தியிருக்கும். (அந்த ராபின் ஜேசன் டாட், இது வந்தப்ப மாசாமாசம் வர்ற இதழ்ல உயிரோடதான் இருந்தான். 1988ல அவன் இருக்கணுமா சாகணுமான்னு வாசகர்கிட்ட ஃபோன்ல ஓட்டு கேட்டாங்க, சாகட்டும்னு 5,343, இருக்கட்டும்னு 5,271. வெறும் 72 ஓட்டு.) படம் மட்டும் பாத்துட்டு வர்றவங்களுக்கு இதுல பாதி ஆளு யாருன்னே தெரியாது, அந்தக் கண்ணாடிப் பெட்டியப் பாத்தா ஏதோ ஒரு உடுப்புன்னு தாண்டிப் போயிடுவாங்க. இவ்ளோ பெரிய புத்தகத்தை அப்படி வீணடிக்கக் கூடாதுன்னுதான் இதைக் கடைசில வைங்கன்னு சொல்றேன்.

இப்ப இயர் ஒன். இதுக்கும் எழுத்து அதே மில்லர்தான், ஆனா வரைஞ்சது டேவிட் மாஸுக்கெல்லி, கலர் ரிச்மண்ட் லூயிஸ், எழுத்து பொறிச்சது டாட் கிளைன். பேட்மேன் இதழ் 404லேந்து 407 வரைக்கும் நாலே இதழ், சுமார் நூறு பக்கம், ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம். முதல் பக்கத்தையே எடுத்துக்கோங்க. ஜனவரி 4, ஜிம் கார்டன் ரயில்ல காத்தம் ஊருக்குள்ள வர்றாரு, புரூஸ் வெய்ன் பிளேன்ல வர்றான். ரயில்ல வர்றவர் நெனைக்கறாரு, பிளேன்ல வந்திருக்கலாம், மேலேந்து பாத்தா ஊரு நல்ல ஊரு மாதிரி தெரிஞ்சிருக்கும்னு. பிளேன்ல வர்றவன் நெனைக்கறான், ரயில்ல வந்திருக்கணும், எதிரிய கிட்டத்துல பாத்திருக்கணும்னு. ரெண்டு பேரோட குணமும், அந்த ஊரும், கதை எதைப் பத்திங்கிறதும் அந்த ஒரே பக்கத்துல வந்துடுது, படிக்கறவங்க முன்னாடி ஒரு காமிக்ஸ்கூட தொட்டிருக்க வேண்டியதில்ல. புரூஸ் மனசுல பேசறது கூட்டெழுத்துல இருக்கும், கார்டன் பேசறது வேற கையெழுத்துல, அதனால யார் நெனைக்கறாங்கன்னு தனியா சொல்லவே வேண்டாம், பாத்ததும் தெரியும்.

இதுல பேட்மேன் பாதிதான், மீதிப் பாதி கார்டனோட கதை, நேர்மையா இருக்கணும்னு பாக்கற ஒரு போலீஸ்காரரு, ஸ்டேஷன் முழுக்க காசு வாங்கற கூட்டம், வீட்டுல மாசமா இருக்கற மனைவி. கூட வேலை பாக்கற ஃபிளாஸ்ங்கிற போலீஸ்காரன், ஆளுங்களைச் சேத்துக்கிட்டு முகமூடி போட்டு இவரை பேஸ்பால் பேட்டால அடிச்சிட்டுப் போறான், இவரு அப்புறமா அவனைத் தனியா மடக்கி, அவன் கையில பேட்டைக் குடுத்துட்டு அதுக்கப்புறம் அடிக்கறாரு. இந்த ஆளு சொக்கத்தங்கமும் கிடையாது, கூட வேலை பாக்கற சாரா எஸ்ஸனோட இவருக்கு ஒரு உறவு வருது, மனைவிகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தவிக்கறாரு, சூப்பர்ஹீரோ கதைன்னு எடுத்த புத்தகத்துல இப்படி ஒரு மனுஷன் வந்து உக்காந்துக்குவாருன்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. பேட்மேனும் இங்க கத்துக்குட்டிதான், முதல் ராத்திரி வேஷம் இல்லாம போயி கத்திக்குத்தும் வாங்கி போலீஸ் குண்டும் வாங்கிட்டு வர்றான், அப்புறம் வேஷம் போட்டு டிவி திருடற பசங்களைப் பிடிக்கப் போனா ஒருத்தன் மாடிலேந்து விழுறான், அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே மத்தவங்ககிட்ட அடி வாங்கறான். படம் பாத்தவங்களுக்கு இங்க நிறைய இடம் தெரிஞ்ச இடமாவும் இருக்கும். பாழடைஞ்ச கட்டடத்துல போலீஸ் சுத்தி வளைக்கும்போது வௌவால் கூட்டத்தை வரவழைக்கறது, ஃபிளாஸ், கடைசில ஜோக்கர்னு ஒருத்தன் வந்திருக்கான்னு முடியறது, எல்லாம் 2005ல வந்த பேட்மேன் பிகின்ஸ்ல இங்கேந்து எடுத்ததுதான். மாஸுக்கெல்லி கோடு ரொம்ப சிக்கனம், முகத்துல நாலு கோடு நிழல் அவ்ளோதான், ஆனா கார்டன் கண்ணாடிய மூக்கு மேல ஏத்தற விதத்துலயே அந்த ஆளோட களைப்பு தெரியும்.

லாங் ஹாலோவீன் இது ரெண்டுக்கும் நடுவுல நிக்கற புத்தகம். ஜெஃப் லோப் எழுத்து, டிம் சேல் ஓவியம், 13 இதழ், முந்நூறு பக்கத்துக்கு மேல. ஒவ்வொரு பண்டிகை நாள்லயும் ஒருத்தர் சாகறாங்க, கொலைகாரன் யாருன்னு தெரியாது, பேட்மேன், கார்டன், ஹார்வி டென்ட் மூணு பேரும் சேந்து தேடறாங்க. ஆயுதம் ஒரு சின்ன துப்பாக்கி, சத்தம் வராம இருக்க பால் புட்டியோட ரப்பர் நிப்பிள மாட்டியிருப்பான், பக்கத்துலயே அந்தப் பண்டிகைக்கான பொருள் ஒண்ண வெச்சிட்டுப் போயிடுவான். கொலை நடக்கற பக்கம் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளையா மாறிடும், அந்தப் பொருளுக்கு மட்டும்தான் கலர். யார் கொலைகாரன்ங்கிற கேள்வி ஒண்ணே போதும் ஆளைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போக, அதனால க்ரைம் நாவல் படிக்கறவங்களுக்கு இதையே முதல்ல குடுக்கலாம்னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா எழுத்துன்னு பாத்தா இயர் ஒன் பக்கத்துல இது நிக்காது. காத்தம் மாஃபியா தலைவன் ஃபால்கோனி வீட்டுக் கல்யாணத்துல ஆரம்பிக்கறதுலேந்தே காட்ஃபாதர் சாயல் அப்பட்டமா தெரியும், நடுவுல இதழுக்கு ஒரு வில்லன் வந்து தலைய காட்டிட்டுப் போறது சில நேரம் கதைய நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கும். இதைத் தூக்கி நிறுத்தறது டிம் சேல்தான், அவரோட ஜோக்கர் பல்லும் கேட்வுமன் வளைவும் பக்கம் முழுக்க இருட்டும் வேற யாராலயும் வராது.

இதை ரெண்டாவதா படிங்கன்னு சொல்றதுக்கு ஒரு நேரடி காரணமும் இருக்கு. லாங் ஹாலோவீன்ல ஃபால்கோனி கன்னத்துல நகக்கீறல் தழும்பு இருக்கும். அது எப்படி வந்ததுங்கிறது இயர் ஒன்ல இருக்கு, கேட்வுமன் செலீனா கீறினது. ஹார்வி டென்ட்டும் இயர் ஒன்ல நேர்மையான வக்கீலா வந்துட்டுப் போவாரு, லாங் ஹாலோவீன்ல அந்த ஆளு உடையறதைப் பாக்கறோம், அதுக்கப்புறம் டார்க் நைட் ரிட்டர்ன்ஸ எடுத்தா அந்த சர்ஜரி பண்ணின முகத்துக்கு அர்த்தம் வந்துடும். இதே வரிசைல படிச்சவங்க யாரும் மில்லரோட பதினாறு கட்டத்தைப் பாத்து பயந்து மூடினதா நான் கேள்விப்பட்டதில்ல.

கில்லிங் ஜோக்கையும் பல பேர் சொல்லுவாங்க, ஒல்லியா இருக்கு, 1988ல ஆலன் மூர் எழுதினது, பிரையன் போலண்ட் ஓவியம் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா கார்டனோட பொண்ணு பார்பராவுக்கு அதுல நடக்கறது கொடூரம், அவ பக்கத்துலேந்து ஒரு வார்த்தைகூட சரியா வராது, முதல் புத்தகமா அதை யாருக்கும் நான் குடுக்க மாட்டேன்.

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், டெக்ஸ் வில்லர்னு லயன் முத்து காமிக்ஸ் படிச்சு வளந்தவங்களுக்கு நான் சொன்ன கண் பழக்கம் பிரச்சனையே இல்ல, அவங்க எதை வேணா எடுக்கலாம், ஆனாலும் இயர் ஒன்தான் சட்டுனு ஒட்டும்னு நெனைக்கறேன், டெக்ஸ் கதை மாதிரியே ஆள், ஊர், துப்பாக்கின்னு நேராப் போகும். ஃபோன்ல மட்டும் படிக்கறவங்களுக்கு ஒண்ணு, கட்டம் கட்டமா பெருசு பண்ணிக் காட்டற வசதிய லாங் ஹாலோவீனுக்குப் போடாதீங்க, டிம் சேல் ரெண்டு பக்கம் சேத்து வரைஞ்சதெல்லாம் துண்டு துண்டாயிடும், டேப்லெட்ல வைங்க இல்ல புத்தகமா வாங்குங்க. இயர் ஒன் ஃபோன்ல ஓரளவு தாங்கும்.

வீட்டுல பத்து வயசுப் பிள்ளை கேட்டா இந்த மூணுல எதையும் குடுக்காதீங்க, இயர் ஒன்லயே ரத்தமும் சிவப்பு விளக்குத் தெருவும் இருக்கு. 1992ல கார்ட்டூன் சீரியலை ஒட்டி தி பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்னு ஒரு இதழ் ஆரம்பிச்சாங்க, மைக் பரோபெக் வரைஞ்ச இதழ்களைப் பாத்து எடுங்க, சுத்தமான கோடு, இதழுக்கு ஒரு கதை, பெரியவங்களும் ஆசையா படிக்கலாம்.