தமிழில் கார்டு அடித்துத் தருகிறேன் என்றவனிடம் 18,500 ரூபாயை விட்டேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

பார்சல் வந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய். என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

சனிக்கிழமை ஆனால் நாங்கள் நாலு பேர் மாடி அறையில் உட்கார்ந்து மேஜிக்: த கேதரிங் ஆடுவோம். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணக்கு ஆசாமி உருவாக்கிய கார்டு விளையாட்டு. ஆடாதவர்களுக்கு: ஒவ்வொரு கார்டும் ஒரு உயிரி, மந்திரம் மாதிரி ஏதோ ஒன்று, அது என்ன செய்யும் என்பது கார்டிலேயே எழுதியிருக்கும், அவற்றை வைத்து எதிராளியை வீழ்த்த வேண்டும். ஜப்பானிய மொழியில் உண்டு, கொரியனில்கூட அடித்தார்கள், தமிழில் வந்ததே இல்லை. எங்களில் ஒருவன் இந்த ஞாயிற்றுக்கிழமை கனடா கிளம்புகிறான். அவன் போவதற்குள் நம்ம ஊர்ப் பேய், சாமி, யாளி எல்லாவற்றையும் வைத்து நாமே ஒரு தமிழ் செட் போட்டு ஆட வேண்டும் என்று ஆசை. 54 கார்டு, ஆளுக்கொரு செட், மொத்தம் 216. விற்கவோ போட்டிக்குக் கொண்டுபோகவோ இல்லை, பின்பக்கத்துக்குக்கூட எங்கள் பாட்டி போடும் சிக்குக் கோலத்தைத்தான் வைத்திருந்தோம். படம் எல்லாம் என் அத்தை பெண் வரைந்தது, நாலு மாத உழைப்பு.

படத்தைவிட எழுத்துதான் எங்களைப் படுத்தியது. ஒரு கார்டில் மூன்று வரி எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 'இறக்கும்போது' என்பது ஒன்று, 'இறக்கும்போதெல்லாம்' என்பது வேறு. 'விரும்பினால்' என்ற ஒரு சொல் இருந்தால் ஒரு ஆட்டம், இல்லாவிட்டால் வேறு ஆட்டம். ஒரு பலனுக்குக் கொடுக்கும் செலவு முன்னால், நடுவில் முக்காற்புள்ளி, பலன் பின்னால், இந்த வரிசை மாறக் கூடாது. கார்டைப் பயன்படுத்திவிட்டோம் என்பதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் வைக்கும் 'டேப்' என்பதற்கு 'திருப்பு' என்று வைத்தோம், அப்புறம் 'கைக்குத் திருப்பு' என்பதோடு குழம்பியதால் 'சாய்' என்று மாற்றினோம். இதற்கே மூன்று சனிக்கிழமை போனது. அந்த விளையாட்டின் முழு விதிப் புத்தகமே 200 பக்கத்துக்கு மேல். அதனால்தான் விளையாட்டும் தெரிந்து, தமிழும் தெரிந்து, கார்டு வடிவமைத்து அச்சடித்தும் கொடுக்கிற ஆள் வேண்டும் என்று, தனி ஆட்கள் இணையத்தில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தளத்தில் தேடினேன். ஒருவர் கிடைத்தார். ஐந்து நட்சத்திரம், நாற்பது சொச்சம் மதிப்புரை. இனிமேல் 'அவர்' எல்லாம் கிடையாது, அவன்.

நான் எங்கே விழுந்தேன் என்று சொல்கிறேன், இதுதான் முக்கியம். மாதிரிக்கு எங்கள் பழையனூர் நீலி கார்டை அனுப்பினேன். ஆட்டத்தின் நிறப் பிரிவுகளில் கறுப்பு, "நீலி களத்துக்கு வரும்போது எதிராளி ஒரு உயிரியைப் பலியிட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதாவது எதிராளி களத்தில் உள்ள தன் உயிரிக் கார்டு ஒன்றைத் தானே சுடுகாட்டுக்கு, அதாவது கழித்த கார்டுகளின் குவியலுக்கு, அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, நாலு பேர் ஆடுறப்ப எந்த எதிராளி? 'ஒவ்வொரு எதிராளியும்'னு போடணுமா, இல்ல 'நீங்கள் குறிக்கும் எதிராளி'யா? பலி கொடுக்கிற ஆளுதான் எந்த உயிரின்னு முடிவு பண்ணுவாங்க, அது ரூல்லயே இருக்கு, தனியா எழுத வேணாம்." அட, விஷயம் தெரிந்த ஆள் என்று அப்படியே உருகிவிட்டேன். எங்கள் நாலு பேருக்கும் தட்டாத ஓட்டையை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டானே! யாரிடமாவது கேட்டு அப்படியே ஒட்டியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாளே, "தளத்துக்காரங்க கமிஷன் பிடிச்சுக்கறாங்கண்ணா, வாட்ஸ்அப்ல பேசிக்கலாம், 22,000-ஐ 18,500 ஆக்கித் தர்றேன்" என்றான். எனக்கும் 3,500 மிச்சம் என்ற சபலம், மறைக்கவில்லை. பாதி 9,250 உடனே யுபிஐயில் போனது. அச்சுக்குக் கொடுக்கும் முன் மீதி 9,250. ஆக 18,500, ஒரு கார்டுக்கு 85 ரூபாய்க்கு மேல். அதற்கு அவன் எழுத்திலேயே உறுதி கொடுத்தது: வெளிச்சம் ஊடுருவாதபடி நடுவில் கறுப்புத் தாள் வைத்து ஒட்டிய 310 ஜிஎஸ்எம் கன அட்டை, 63-க்கு 88 மில்லிமீட்டர், வட்ட முனை, 12 நாளில் கையில்.

ஐந்து வாரம் ஆனது. நடுவில் மூன்று கார்டின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஓகேவாண்ணா?" என்றான். மூன்றும் அழகாக இருந்தன. "ஓகே" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டேன். அந்தக் கட்டைவிரலை வெட்டிக்கொள்ளலாம்.

இன்று பார்சலைப் பிரித்தால், கல்யாண வீட்டில் கொடுக்கிற விசிட்டிங் கார்டு அட்டை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் முன்பக்கத்து யாளி பின்பக்கக் கோலத்துக்குள் தெரிகிறது. முனை எல்லாம் சதுரம். சிலது 61 மில்லிமீட்டர், சிலது 64, ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் எது எதுவென்று கை கண்டுபிடித்துவிடும், கண்ணை மூடிக்கொண்டே ஆடலாம். இதைக்கூட விடுங்கள். எழுத்தைப் பாருங்கள். நான் யூனிகோடில் அனுப்பியதை, தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத ஏதோ மென்பொருளில் ஒட்டியிருக்கிறான். கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் மேல் தொங்குகிறது. 'வேதாளம்' என்பதை வேதாளமே வந்தாலும் படிக்க முடியாது. 54-ல் ஒழுங்காக இருப்பது அந்த மூன்றே மூன்று.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. தமிழ் வரி நீளம், கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அவனே சொற்களை வெட்டியிருக்கிறான். சுடலைக் காவல்காரன் கார்டில் "உங்கள் உயிரி இறக்கும்போதெல்லாம், விரும்பினால் அதைச் சுடுகாட்டிலிருந்து களத்துக்குக் கொண்டுவரலாம்" என்று இருந்தது. 'விரும்பினால்' போய்விட்டது, 'கொண்டுவரலாம்' என்பது 'கொண்டுவருக' ஆகிவிட்டது. எங்கள் செட்டிலேயே "உங்கள் களத்துக்கு உயிரி வரும்போதெல்லாம் ஓர் உயிரியைப் பலியிடுக" என்று இன்னொரு கார்டு உண்டு. இரண்டும் ஒருவனிடம் சேர்ந்தால் செத்து, வந்து, செத்து, வந்து, நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை, விதிப்படி ஆட்டமே டிரா. மேஜிக் கம்பெனியே 'போர்க்களத்துக்குள் நுழையும்போது' என்று எழுதிவந்ததை வெறும் 'நுழையும்போது' என்று சுருக்க 2024 வரை எடுத்துக்கொண்டது. இவன் ஒரு ராத்திரியில் 51 கார்டைச் சுருக்கியிருக்கிறான்.

ஃபோன் போட்டேன். முதலில், "அச்சகத்துல தப்பு பண்ணிட்டாங்கண்ணா." எந்த அச்சகம் என்றால் பதில் இல்லை. அப்புறம், "நீங்கதானே ஓகே சொன்னீங்க?" மூன்று கார்டுக்குத்தானே சொன்னேன் என்றால், "மாதிரின்னா எல்லாத்துக்கும்தான்." கடைசியில் குரலை இறக்கி, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பணத்தைத் திருப்பினால் மருந்துக்கே வழியில்லை என்று அழுதான். நீலி கார்டு போட்டவனே நீலிக்கண்ணீர் விடுகிறான், என்ன சொல்ல! பாதியாவது கொடு என்றேன். "யோசிச்சுச் சொல்றேண்ணா" என்றான். இருபது நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டான்.

தளத்தில் புகார் கொடுத்தேன். முதல் அரை மணி நேரம் ஏதோ இயந்திரம் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று மூன்று தடவை சொன்னது. பிறகு வந்த மேடம் மரியாதையாகவே பேசினார், ஆனால் பணம் தளத்துக்கு வெளியே போனதால் எதுவும் செய்ய முடியாதாம், வெளியே பேசியதற்காக என் கணக்குக்கே ஒரு எச்சரிக்கை வேறு. வங்கியில் கேட்டால் "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார்." எல்லாரும் சொல்வது சரிதான், அதுதான் எரிகிறது. 18,500 போனவன் நான், எச்சரிக்கையும் எனக்கே. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எல்லாக் கார்டையும் பிடிஎஃபில் வாங்கி ஒவ்வொரு வரியாக உங்கள் மூலத்தோடு ஒப்பிடாமல் ஓகே சொல்லாதீர்கள், குறிப்பாகத் தமிழ் என்றால். ஒரே ஒரு கார்டை நிஜ அட்டையில் அடித்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். விதி தெரிந்தவன் என்பதற்காக நம்பாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

அத்தை பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை. படக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, அதுவரை நிம்மதி. ஞாயிறு காலை ஃபிளைட், நாளை சனிக்கிழமை. வெள்ளைத்தாளில் பிரிண்ட் எடுத்து, 63-க்கு 88 வெட்டி, பழைய கார்டுக்கு முன்னால் ஸ்லீவுக்குள் சொருகப் போகிறோம். நாலு பேர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தால் 216-ம் ராத்திரிக்குள் முடிந்துவிடும். இதே மாதிரி தமிழ்க் கார்டு என்று சொல்லி யாரிடமாவது இவன் வேலை எடுத்திருந்தால், ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்த்தே புகார் கொடுப்போம்.