ராட்டோஸ்-3டி: அறைவெப்பநிலைப் படிக ஆய்வில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சின்க்ரோட்ரான் (வலிமையான எக்ஸ் கதிர்களைத் தரும் துகள் முடுக்கி) கற்றையில் வைக்கப்படும் புரதப் படிகம் எவ்வளவு ஆற்றலை உட்கொள்கிறது என்பதைக் கணக்கிடும் ராட்டோஸ்-3டி என்னும் இலவச மென்பொருளை, லேசர் துடிப்பால் தூண்டிய புரதங்களின் வடிவ மாற்றத்தைப் பின்தொடரும் ஆய்வுகளில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் எல்ஸ்பெத் கார்மனின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட இந்த மென்பொருள், படிகத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அது கற்றையில் சுழலும்போது ஒவ்வொரு கூறும் பெறும் டோஸை (ஒரு கிலோகிராம் நிறை உட்கொள்ளும் ஆற்றல்; அலகு கிரே) தனித்தனியே கூட்டுகிறது.

லேசரால் ஒளியூட்டி எடுத்த தரவிலிருந்து ஒளியூட்டாமல் எடுத்த இருட்டுத் தரவைக் கழித்து வரையும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் தெரியும் ஒரு குறி, புரதத்தின் அசைவாகவும் இருக்கலாம், எக்ஸ் கதிர் விளைவித்த சிதைவாகவும் இருக்கலாம். படிகத்தின் பிரிதிறன் (தரவில் காணக்கூடிய நுணுக்கம்) குறையத் தொடங்கும் முன்பே கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் உடைகின்றன, அஸ்பார்டேட், குளுட்டமேட் ஆகிய அமினோ அமிலங்கள் கார்பாக்சில் தொகுதியை இழக்கின்றன, உலோக அயனிகள் ஒடுக்கமடைகின்றன. ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளக்கும் புரதத் தொகுப்பான ஒளித்தொகுதி 2-இன் மாங்கனீசு மையம் எக்ஸ் கதிரால் ஒடுக்கமடைவது 2005-இல் காட்டப்பட்டது. அதன் சிதையாத அமைப்பை ஜப்பானின் சாக்லா என்னும் எக்ஸ் கதிர் லேசர் கொண்டு 2015-இல்தான் பதிவுசெய்ய முடிந்தது. 100 கெல்வினில் 30 மெகாகிரே வரை தாங்கும் படிகங்கள், அறைவெப்பநிலையில் பெரும்பாலும் சில நூறு கிலோகிரேயிலேயே தளர்ந்துவிடுகின்றன. ஆகவே இரு தரவுகளின் டோஸும் ஒத்திருப்பதை எண்ணால் காட்டாத எந்த வேறுபாட்டு வரைபடத்தையும் நான் நம்புவதில்லை.

உள்ளீடு ஓர் எளிய உரைக்கோப்புதான். ஆனால் கணக்கின் தரம் முழுவதும் அதில் எழுதப்படும் விவரங்களையே பொறுத்தது. கந்தக அணுக்களின் எண்ணிக்கையையும் கரைசலில் உள்ள கன அணுக்களின் செறிவையும் நாமே குறிப்பிட வேண்டும். படிகமாக்கலில் பயன்படும் காக்கோடிலேட் தாங்கற்கரைசலில் உள்ள ஆர்சனிக், 11.87 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கற்றையில் உறிஞ்சலைக் கணிசமாகக் கூட்டும். அதைக் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் குறைவான விடையையே அளிக்கும். கற்றையின் ஃபோட்டான் பாயத்தை (நொடிக்கு வரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை) பழைய குறிப்பிலிருந்து எடுக்காமல் அன்றன்று அளந்து இடுவதே முறை. விடைகளுள் உச்ச டோஸைவிட, ஒவ்வொரு கூறும் விளிம்பு விளைவுக்கு (எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கு) அளிக்கும் பங்குக்கு ஏற்ப எடையிட்ட சராசரியே ஒப்பீட்டுக்கு உகந்தது என்பது என் மதிப்பீடு. கற்றையைவிடப் படிகம் பெரிதாக இருக்கும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகவும் விரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. உட்கொண்ட ஆற்றலைத்தான் இது சொல்கிறது. அறைவெப்பநிலையில் பரவும் தனி உறுப்புகளின் (வினைத்திறன் மிக்க ஃப்ரீ ரேடிக்கல்களின்) வேதிவினைகளையோ, லேசர் ஏற்படுத்தும் வெப்பத்தையோ கணக்கில் கொள்வதில்லை. சில மைக்ரோமீட்டர் அளவுள்ள படிகங்களிலிருந்து ஒளி எலக்ட்ரான்கள் (எக்ஸ் கதிரால் அணுவிலிருந்து வெளியேறுபவை) தப்பிச் செல்வதைக் கணக்கில் சேர்க்கும் வசதி பின்னர் வந்தது. அதை இயக்கினால் கணக்கீட்டுக்குப் பிடிக்கும் நேரம் கூடுகிறது, டோஸ் மதிப்பு குறைகிறது. எக்ஸ் கதிர் லேசர்கள் தரும் மிகக் குறுகிய ஃபெம்டோநொடித் துடிப்புகளில், ஆற்றல் முழுவதும் படிகத்தில் படியும் முன்பே துடிப்பு முடிந்துவிடுவதால், அவ்வகை ஆய்வுகளுக்கு 2020-இல் வந்த ராட்டோஸ்-எக்ஸ்ஃபெல் வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.