நாலடிப் பலகையில் நான் போட்ட ஓட்டை

போன வாரம் மகளின் வேக்சர்ஃப் பலகை, அதாவது படகு எழுப்பும் அலையில் கயிறு பிடிக்காமலே நின்று ஓட்டும் பலகை, இரண்டாவது ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டதுதான் தாமதம், குழித்துறை நண்பன் கூப்பிட்டுவிட்டான். "பையனுக்கு ஏழு ஆகப்போவுது, லீவுக்கு மஸ்கட் போறோம். அங்கேயிருந்து இதே மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" வாங்கு, வாங்காதே, இரண்டு பதிலும் சேர்ந்து நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

மாமன் சீர் என்றால் ஊரில் பிள்ளைகளுக்குக் கொலுசு வரும், மோதிரம் வரும். என் மகளுக்கு அவள் மாமா 2023இல் துபாயில் எடுத்துக் கொடுத்தது நாலடி வேக்சர்ஃப் பலகை. அப்போது அவளுக்கு ஏழு வயது, 21 கிலோ. அங்கே படகின் பின்னால் எழும் அலையில் மூன்றாம் நாளே எழுந்து நின்று, பிடித்திருந்த கயிற்றையும் விட்டுவிட்டாள். படகு அப்போது மணிக்கு 16, 17 கிலோமீட்டர்தான் போய்க்கொண்டிருந்தது. விழுந்தாலும் லைஃப் ஜாக்கெட் தூக்கி நிறுத்திவிடும்.

அந்த வேலைக்கு அதைவிட நல்ல பலகை கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சான் விவரம் தெரிந்து வாங்கியிருந்தான். வேக்சர்ஃபில் மெலிந்து வழுக்கி ஓடுகிற ஸ்கிம் வகை ஒன்று, தடிமனான சர்ஃப் வகை ஒன்று. பிள்ளைக்கு முதல் பலகை என்றால் இரண்டாவதுதான். மூக்கும் வாலும் அகலமாக இருக்க வேண்டும், அடியில் மீனுக்கு இருப்பது மாதிரியான துடுப்புகள் (ஃபின்) பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பலகை சுற்றிக்கொள்ளாமல் நேராக ஓடும். பெட்டியில் "45 கிலோ வரை" என்று போட்டிருப்பதைப் பார்த்து, வளர்ந்தாலும் ஆகுமே என்று பெரியதாக எடுக்கத் தோன்றும். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கணக்கு இங்கே செல்லாது. பலகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நிற்பது சுலபம்தான். மிகப் பெரிதானால் பிள்ளையின் கால் எடைக்கு அது சாயவே சாயாது. மேலே மெத்தென்ற ஈவிஏ நுரை ஷீட் ஒட்டியிருப்பதால், கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்க்கும் வேலையும் இல்லை. நம் வெயிலுக்கு மெழுகு நெய்யாக உருகிவிடும்.

சரி, லீவு முடிந்து பாறசாலைக்கு வந்தாகிவிட்டது. இங்கே படகுக்கு எங்கே போவது?

பூவாறில் நெய்யாறு கடலில் சேரும் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டும் ஒரு அண்ணன், "பிள்ளையக் கொண்டு வாங்க, நம்ம படகுக்குப் பின்னால இழுத்துக் காட்டுறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது அவுட்போர்டு. தண்ணீரைத் தள்ளும் காற்றாடி (புரொப்பெல்லர்) படகின் பின்பக்கம் தொங்குகிறது. வேக்சர்ஃபில் பிள்ளை நிற்பது படகிலிருந்து மூன்று மீட்டர் தூரத்துக்குள். காற்றாடி படகின் அடிவயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் வகைப் படகில் மட்டும்தான் இதைச் செய்யலாம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பொழி முகத்து நீரோட்டத்திலும் பிள்ளையை இறக்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் கோவளம். டிசம்பர், ஜனவரியில் கடல் அடங்கியிருக்கும்போது, உடைந்து நுரையாக வரும் சின்ன அலையில் குப்புறப் படுத்துக்கொண்டு கரைக்கு வருவாள். நன்றாகவே வந்தாள். எரிச்சல் தொடங்கியதும் அங்கேதான். இந்தப் பலகையில் கயிறு மாட்ட இடமே இல்லை! கடலில் ஓட்டும் பலகைக்கு வால் பக்கம் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு குழி வைத்து, அதில் கயிறு கட்டிக் காலோடு மாட்டிக்கொள்வார்கள். படகின் பின்னால் யாரும் காலில் கயிறு கட்டுவதில்லை, அதனால் வேக்சர்ஃப் பலகைகளில் பெரும்பாலும் அது இருக்காது. செய்தவன் மேல் தப்பில்லை. ஆனால் அவள் விழுந்த ஒவ்வொரு முறையும் பலகை தனியாகக் கரையேறி, வெள்ளைக்காரப் பாட்டி ஒருவரின் முழங்காலை ஒரு தடவை பதம் பார்த்து, அதன் பின்னாலேயே நான் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடியது ஒரு சீசன் முழுக்க. இந்த எரிச்சலுக்கு எந்த நியாயமும் போதாது.

அதனால் டிரில்லிங் மிஷினை எடுத்தேன்.

வால் பக்கம் ஒரு ஓட்டை, உள்ளே நைலான் கயிறு, சுற்றிலும் கைக்குக் கிடைத்த பசை. இரண்டு மாதம் ராஜவாழ்க்கை. மூன்றாம் மாதம், "அப்பா, பலகை கனமாயிட்டு" என்றாள். மீன்காரி அக்காவின் தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டரை கிலோ பலகை மூன்றே காலுக்கு வந்திருந்தது. உள்ளே இருப்பது தெர்மோகோல்; ஓட்டை வழியாகக் கடல் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நம் கரையில் ஃபைபர் வள்ளம் ஒட்டுபவர்களுக்கா பஞ்சம்? ஒருவரிடம் கொண்டுபோனேன். "வள்ளத்துக்கே ஒட்டுறேன், இதுக்கு ஒட்ட மாட்டேனா அண்ணாச்சி" என்றார். ரெசின், ஹார்டனர், மேட் எல்லாம் போட்டு அழகாக ஒட்டினார். மறுநாள் அமுக்கினால் வால் பக்கம் அப்பளம் மாதிரி உள்ளே போகிறது. வள்ளத்துக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலில் தெர்மோகோல் கரைவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. பாலியூரித்தேன் நுரையில் செய்த பலகையாக இருந்தால் தப்பியிருக்கும். இதற்கு எபாக்சி ரெசின்தான் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோபத்தில் முக்கால் பங்கை அவருக்கு ஒதுக்கியிருந்தேன். இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

கடைசியில் கோவளத்தில் சர்ஃப் கற்றுக்கொடுக்கும் ஒரு தம்பி கைகொடுத்தான். நல்ல தண்ணீரில் அலசி, ஓட்டை கீழே பார்க்கும்படி நிறுத்தி, மூன்று வாரம் நிழலில் உலர்த்தச் சொன்னான். பிறகு கரைந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து, எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் போட்டு மூடினான். கூடவே கயிறு மாட்டும் அந்தச் சின்னக் கிண்ணத்தையும் முறையாகப் பதித்துக் கொடுத்தான். முதல் நாளே அவனிடம் போயிருந்தால் இதை எழுத விஷயமே இருந்திருக்காது.

இதற்கு நடுவில் வாடகைக்கு எடுத்த ஆறடி ஃபோம் பலகையிலும் அவளை ஏற்றிப் பார்த்தோம். கடலில் நிற்கப் பழக அதுதான் சரி, சந்தேகமே வேண்டாம். முதல் நாளே நின்றாள். ஆனால் அதை நான் சுமக்க வேண்டும், காருக்கு மேலே நான் கட்ட வேண்டும், எனக்கு நேரமிருக்கும் அன்றுதான் கடல். நாலடிப் பலகையை அவளே கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொள்வாள். காலையில் நான் எழுவதற்குள் பலகையும் கையுமாக வாசலில் நிற்பாள். ஆனி ஆடியில் கடல் பொங்கும் மாதங்களிலும், காற்றில்லாமலே கடல் திடீரென்று கரையேறும் கள்ளக்கடல் எச்சரிக்கை வரும் நாட்களிலும் மட்டும் அது மாடிக்குப் போகும். அந்த இடைவெளியில் என் அம்மா அதன் மேல் நெத்திலி காயப் போட்டுவிட்டார். ஈவிஏ ஷீட்டில் ஏறிய வாடை எபாக்சிக்கும் போகவில்லை.

நண்பனிடம் இவ்வளவையும் சொல்லி, வாங்காதே என்றேன். மஸ்கட்டில் படகுக்கு வழியிருந்தால் அங்கேயே வாடகைக்கு எடு, ஊர்க் கடலுக்கு ஃபோம் பலகை பார், கயிற்றுக் குழி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கு.

"அப்ப உன்னோடதைக் குடேன், விலைக்கே எடுத்துக்கிறேன்" என்றான்.

அது ரெண்டு தடவை ரிப்பேர் ஆன சாமான், உனக்கு எதுக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.