நுவரெலியா எச்சரிக்கை: இளங்குதிரையை ஏப்ரல் சீசனில் இறக்கப் பணம் கேட்பவர்கள்

நுவரெலியாவிலும் சுற்றியுள்ள தோட்டப் பக்கங்களிலும் சொந்தமாக ஒரு குதிரை வாங்கி, பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்ப ஆசைப்படும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். அப்படி ஒரு குடும்பம் ஏமாந்த கதை இது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

குதிரையை விற்றவர் தன்னைப் பயிற்றுவிப்பாளர் என்றும் சொல்லிக்கொள்பவர். "நாலு வயது முடிந்தது, ஜம்பிங்குக்கு ரெடி" என்று சொல்லி, காயடித்த ஆண் குதிரை ஒன்றைக் கொடுத்தார். அதோடு விடவில்லை. நுழைவுக் கட்டணம், லொறிக் கூலி, லாய வாடகை, பயிற்சி எல்லாம் சேர்த்து "முதல் சீசன் பெக்கேஜ்" என்று ஒரே தொகையாக முன்பணமும் வாங்கினார். ஏப்ரலில் மூன்று போட்டிகள், மூன்றுமே 90 சென்டிமீட்டர் தடை தாண்டல். கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே முதல் போட்டி. இரண்டாவது தடையில் குதிரை நின்றது. அடித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோதும் நின்றது, வெளியேற்றினார்கள். பின்னேரம் பின்னங்கால் நொண்டியது. அடுத்த நாள் காலையில் நொண்டலே தெரியவில்லை, மறுபடியும் களத்தில் இறக்கினார். அதற்கும் அடுத்த நாள் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. வெளியிலிருந்து வந்த மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: "குதிரைக்குத் துணிச்சல் காணாது. கொஞ்சம் மேலே போட்டுத் தாருங்கள், வேறொன்று மாற்றித் தாறேன்."

அந்தக் கடைசி வரியில்தான் வியாபாரமே இருக்கிறது. முதல் போட்டியில் குதிரை தோற்றால் அவருக்கு இரண்டாவது விற்பனை கிடைக்கிறது. அதனால் குதிரையின் நிலைக்கு மிஞ்சிய போட்டியாகப் பார்த்துத்தான் பெயர் கொடுப்பார்.

வயதை நீங்களே பார்க்கலாம். பத்திரத்தை நம்புவதற்கு முன் வாயைப் பாருங்கள். முன்வெட்டுப் பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. பால்பல் சிறியது, வெள்ளையானது, ஈறருகே ஒடுங்கியிருக்கும். நிலைப்பல் பெரியது, அகலமானது, சற்று மஞ்சளாக, நெடுக்காகக் கோடோடியிருக்கும். நடு இரண்டும் ஏறத்தாழ இரண்டரை வயதில் மாறும், அவற்றை அடுத்தவை மூன்றரையில், ஓரத்தில் இருப்பவை நாலரையில். முளைத்த பல் வளர்ந்து எதிர்ப்பல்லோடு உரசத் தொடங்க இன்னும் ஆறு மாதம் போகும். ஆகவே "நாலு வயது முடிந்தது" என்றால் மேலே நான்கும் கீழே நான்கும் நிலைப்பற்களாக, ஒன்றோடொன்று உரசும் உயரத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் பால்பல் நிற்கலாம். அந்தக் குடும்பத்தின் குதிரைக்கு நடுப்பற்கள் மட்டுமே மாறியிருந்தன, அவையும் முழு உயரத்துக்கு வரவில்லை. உதட்டை விரலால் விலக்கினாலே இது தெரியும். வாயைத் தொட விடாமல் "கடிக்கும், கிட்டப் போகாதீங்க" என்று விற்பவர் தடுத்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்திலும் ஒரு பொறி உண்டு. வடக்கு அரைக்கோளத்தில் பிறந்த தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கும் இனம்) குதிரைக்கு, எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். 2022 மே மாதம் பிறந்த குதிரை 2026 ஜனவரியில் கடுதாசியில் நாலு வயது, உடம்பில் மூன்றரையைச் சற்றுத்தான் தாண்டியிருக்கும். பிறந்த ஆண்டை மட்டும் கேட்காமல் திகதியைக் கேளுங்கள். பத்திரத்தில் மைக்ரோசிப் இலக்கம் இருந்தால், கழுத்தின் இடது பக்கம் மேல்பாதியில் வாசிப்புக் கருவியை வைத்து, அதே இலக்கம் வருகிறதா என்று மிருக வைத்தியரைக் கொண்டு பார்க்க வேண்டும். இலக்கம் பொருந்தாத பத்திரம் வேறொரு குதிரையின் பத்திரம்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? நீண்ட எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள்) ஒரே நாளில் மூடி எலும்பாவதில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ளது மூட இரண்டு முதல் இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பில் உள்ளவை கடைசியாக, ஐந்தரை ஆறு வயதில்தான் மூடுகின்றன. ஆள் உட்காரும் இடம் அந்த முதுகு. "ரேஸில் இரண்டு வயதிலேயே ஓடுதே" என்று கட்டாயம் சொல்வார்கள். ஓடுவது உண்மை. இளவயதில் குறுகிய தூரம் வேகமாக ஓடுவது எலும்பை உறுதியாக்கவும் செய்யும். ஆனால் எடை குறைந்த ஜொக்கியோடு ஒன்றிரண்டு நிமிடம் ஓடுவதும், வளர்ந்த ஆளைச் சுமந்து சிறு வட்டங்களில் திரும்பித் திரும்பித் தாண்டி இறங்குவதும் ஒன்றல்ல. தடை தாண்டலில் இளங்குதிரைகளுக்கான உலகச் சம்பியன்ஷிப்பிலேயே ஆகச் சிறிய பிரிவு ஐந்து வயது. மூன்று வயதுகூட நிரம்பாத குதிரையை 90 சென்டிமீட்டருக்குப் பெயர் கொடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

எடைக் கணக்கையும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 344 கிலோ. சேணத்தோடு சேர்த்து ஆளின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. வளரும் குதிரைக்கு நூற்றுக்குப் பதினைந்தோடு நிறுத்துவதுதான் எங்கள் கணக்கு. இந்த 344 கிலோவுக்கு அது 51 கிலோ. சேணமே ஏழெட்டுக் கிலோ வரும். அந்தக் குதிரையில் ஏறியவர் வளர்ந்த ஆண்.

நொண்டல் ஒரே இரவில் மறைந்தது ஃபினைல்பியூட்டசோன் வேலை என்றுதான் மிருக வைத்தியர் சந்தேகப்பட்டார். லாயங்களில் 'பியூட்' என்பார்கள். அது வலியைத்தான் மறைக்கும், காயத்தை ஆற்றாது. ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். அந்த ஒரு நாளில் காயப்பட்ட தசைநாரின் மேல் குதிரை முழு எடையையும் போட்டு ஓடினால், சில வாரங்களில் ஆற வேண்டியது மாதக்கணக்காக நீளும். அந்தக் குதிரைக்கு நடந்தது அதுதான். வாங்கும் நாளில் கொடுத்துக் காட்டும் மருந்து வேறு: அசிப்ரோமசின். முரட்டுக் குதிரையையும் சாந்தமாகக் காட்டும். தலை தொங்கும், கண்ணின் உள்மூலைச் சவ்வு முன்னால் வரும், ஆண் குதிரையில் குறி வெளியே தொங்கிக்கொண்டே இருக்கும். மருந்தில்லாமலும் அடக்கிக் காட்டலாம். நீங்கள் வருவதற்கு முன் ஒரு மணித்தியாலம் கயிற்றில் வட்டமாக ஓட்டிக் களைக்க வைத்துவிடுவார்கள். நெஞ்சிலும் சேணம் வைக்கும் இடத்திலும் காய்ந்த வியர்வைத் தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள், சொல்லிவிட்டு ஒரு நாள் என்று இரண்டு தரம் போய்ப் பாருங்கள்.

வாங்கும் நாளில் நீங்கள் கூட்டிவரும் மிருக வைத்தியர், விற்பவரின் ஆள் அல்ல, இரத்த மாதிரி எடுத்து வைக்கட்டும். ஆறு மாதம் பாதுகாத்து வைத்தால், பிறகு சந்தேகம் வந்தால் பரிசோதிக்கலாம். கால் மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்திருந்துவிட்டு உடனே கெட்டித் தரையில் ட்ரொட் (நடைக்கு அடுத்த மெல்லோட்டம்) போடச் சொல்வதும் அவர் செய்ய வேண்டியது. ஒளிந்திருக்கும் நொண்டல் அந்த முதல் சில அடிகளில் வெளியே வரும். புல்தரையில் மட்டும் காட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி போட்டித் தெரிவு. இங்கேதான் நல்லெண்ணத்தோடு இருப்பவர்களும் தவறுகிறார்கள். மலையகத்தில் ஏப்ரல் சீசன்தான் எல்லாருக்கும் கண்ணில் படும் காலம். இளங்குதிரையின் முதல் நாளுக்கு அதைவிட மோசமான காலம் வருடத்தில் இல்லை. புத்தாண்டு வெடி, ஒலிபெருக்கி, ரேஸ்கோஸைச் சுற்றி ஜனம், மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தய வாகனங்களின் இரைச்சல், பின்னேரம் இடியோடு மழை. ஈரக் களிமண்ணில் தாண்டும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் பின்னங்கால் வழுக்கும். ஒரு தரம் வழுக்கிய இளங்குதிரை அடுத்த தடையை நம்பாது. "ஏப்ரலில் முதல் போட்டி" என்பவரை நம்ப வேண்டாம்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர். ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வரும் குதிரைக்கு இரண்டு மூன்று வாரமாவது பழக்கம் வேண்டும். கினிகத்தேனை, ஹட்டன் வழியோ கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியோ, அந்த வளைவுகளில் குதிரை மணிக்கணக்கில் நான்கு காலையும் அழுத்தி நின்றுகொண்டே வருகிறது. தலையை உயரக் கட்டி ஏற்றினால் சளியும் தூசியும் நெஞ்சுக்குள் தங்கிக் காய்ச்சல் வரும். கயிறு தலை தாழும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தி வைக்கோல் தின்ன விட வேண்டும். வந்த பிறகு மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். 38.5 பாகைக்கு மேல் போனால் போட்டி இல்லை. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்து பதினைந்து நிமிடமாகியும் 60க்குக் கீழே இறங்காவிட்டால் அந்தக் குதிரை இந்தக் காற்றுக்கு இன்னும் பழகவில்லை.

முதல் தரம் கூட்டிப்போவது போட்டியிடுவதற்காக இருக்கவே கூடாது. லொறியிலிருந்து இறக்கி, கையில் பிடித்து மைதானத்தைச் சுற்றிக் காட்டி, மற்றக் குதிரைகளுக்கு நடுவில் கொஞ்சம் புல் மேய விட்டு, திரும்ப ஏற்றிக் கொண்டுபோங்கள். குதிரை கத்தாமல், தின்னவும் குடிக்கவும் செய்தால் அடுத்த படி. இரண்டாவது, 20க்கு 40 மீட்டர் களத்தில் நடையும் ட்ரொட்டும் மட்டும் உள்ள டிரெசாஜ், அதாவது தடையில்லாமல் கட்டளைப்படி நடத்திக் காட்டும் போட்டி. அதில் பரிசு முக்கியமில்லை. நேர்கோட்டில் போகிறதா, நிறுத்தினால் நிற்கிறதா என்பதே முக்கியம். அதன் பிறகுதான் தடைகள்.

தடைக்கு எங்கள் அளவு இதுதான்: வீட்டில் தடுமாறாமல் தாண்டும் உயரத்தில் இருந்து 20 சென்டிமீட்டர் குறைத்து முதல் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். வீட்டில் 80 என்றால் போட்டியில் 60. தரையில் 1.3 மீட்டர் இடைவெளியில் போட்ட கட்டைகளின் மேல் ட்ரொட்டில் தட்டாமல் போகும் வரை எந்தத் தடையும் வேண்டாம். சிறிய குதிரைக்கு அந்த இடைவெளி 1.1 மீட்டர் வரை குறையும். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு, அதாவது ஒரு போட்டிப் பிரிவு, ஆகக் கூடினால் இரண்டு. இரண்டு போட்டிக்கு இடையில் குறைந்தது இரண்டு வாரம். தடையை நோக்கித் தலைதெறிக்க ஓடுவதைப் பலர் துணிச்சல் என்று பாராட்டுகிறார்கள். அது பயம். முடித்துவிட்டுத் தப்ப நினைக்கிற குதிரைதான் அப்படி ஓடும். அதைக் கண்டதும் உயரத்தைக் குறைக்க வேண்டும், கூட்டுவது அடுத்த போட்டியில் அது நின்றுவிடுவதற்கு வழி. தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள்ளும் போட்டி கூடாது.

பணம் பற்றி. "பெக்கேஜ்" என்று ஒரே தொகை கேட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: போட்டியின் பெயர், திகதி, வகுப்பு, உயரம், நுழைவுக் கட்டணம், லொறி, லாயம், பயிற்சி. நுழைவுக் கட்டணத்தை நடத்துபவர்களுக்கு நீங்களே நேராகக் கட்டுங்கள். அந்தக் குடும்பத்திடம் வாங்கிய கட்டணத்தில் எவ்வளவு நடத்துபவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. குதிரை ஓடக் கூடாது என்று மிருக வைத்தியர் எழுதித் தந்தால் எவ்வளவு திரும்பும் என்பதும், எந்த மருந்தும் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பேசியதை வட்ஸ்அப்பில் ஒரு தரம் எழுதிக் கேட்டு "ஓம்" என்று பதில் வாங்கி வைத்தாலும் உதவும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களென்றால் குதிரையை முதலில் அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள். கால் வீங்கியிருந்தால் குளிர்ந்த நீர் இருபது நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், வைத்தியர் வரும் வரை நடக்க விடாதீர்கள். பற்களைப் படம் எடுங்கள், திகதி தெரியும்படி. மிருக வைத்தியரின் அறிக்கையில் வயது, காயம், மருந்துச் சந்தேகம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் கண்டிக்குக் கிட்டத்தான், இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் முறைப்பாடு எடுக்கும், இலக்கம் 1977. தொகைத் தகராறுக்கு உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் போகலாம். வயதைப் பொய் சொல்லி விற்றது மோசடி, அதற்குப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து பிரதி வாங்குங்கள்.

இதே முறையில் வேறு யாரிடமாவது முன்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். பல குடும்பங்களின் கடதாசிகள் ஒன்றாக வரும்போது விசாரணை அதிகாரியால் "குதிரைக்குத் துணிச்சல் காணாது" என்ற பதிலோடு கோப்பை மூட முடியாது.